நான்காம் அறை மட்டும் ஏன் காயவில்லை: காட்பாடி அருகே ஒரு குதிரை லாயம்

காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் சாலையில், வீடுகள் குறைந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய குதிரையேற்றப் பயிற்சி இடம். ஐந்து குதிரைகள்: இரண்டு மார்வாரி, ஒரு கத்தியவாரி, சின்னப் பிள்ளைகள் ஏற ஒரு மட்டக்குதிரை, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு தரோபிரெட். வரிசையாக ஐந்து அறைகள், ஒவ்வொன்றும் 12 அடிக்கு 12 அடி. மேலே சிமென்ட் ஷீட், கீழே சிமென்ட் தரை, முன்பக்கம் ஒரு திறந்த வாய்க்கால். உரிமையாளர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெரியவர். அவருடைய அப்பா வேலூரில் ஜட்கா ஓட்டியவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பண்ணைக் கொட்டகைகளைப் பார்த்துக் குறை சொல்வது என் தொழில். தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் சுபேதார் கூப்பிட்டார். "தம்பி, எந்தப் படுக்கை போட்டா நல்லா உறிஞ்சும்? அதை மட்டும் சொல்லுங்க, வாங்கிடலாம்" என்றார்.

போய்ப் பார்த்தபோது ஐந்து அறைகளும் ஈரம்தான். ஆனால் நான்காம் அறை சேறு. அதில் நின்றது அந்தப் பந்தயக் குதிரை. மூன்று குதிரைகளுக்குக் குளம்பின் அடியில், நடுவில் மெத்தென்று இருக்கும் முக்கோணப் பகுதியில் கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தது. நான்காம் அறைக் குதிரைக்குப் பின்னங்கால் இரண்டிலும் பள்ளம் விழுந்திருந்தது. கீழே வைக்கோலும் உமியும் கலந்து கிடந்தன. எது கிடைக்கிறதோ அதைக் கொட்டியிருக்கிறார்கள். மழைச்சாரல் அடிக்காமல் இருக்க முன்பக்கம் முழுக்கப் படுதா கட்டியிருந்தது. அதை விலக்கி உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது.

என்ன படுக்கை என்ற கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஈரமான அறைக்குப் படுக்கையை மாற்றுவதுதான் பெரும்பாலும் எல்லோரும் முதலில் செய்வது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது தெரியாமல் படுக்கை வாங்கினால், நனைந்த பஞ்சுக்கு மேல் இன்னொரு பஞ்சை வைத்த மாதிரி ஆகும்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு வளர்ந்த குதிரை நாளொன்றுக்குச் சுமார் 5 முதல் 15 லிட்டர் வரை மூத்திரம் போகும். 450 கிலோ குதிரைக்கு 8, 10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லத்தி 15 முதல் 20 கிலோ. அதில் முக்கால்வாசி தண்ணீர்தான், ஆனால் உருண்டையாக இருப்பதால் அள்ளிவிடலாம், தரையை அவ்வளவாக நனைக்காது. குடிக்கும் வாளியில் சிந்துவது கொஞ்சம். இவ்வளவுதான் குதிரையின் பங்கு.

சுபேதாரின் பங்கு இதைவிடப் பெரியது. தினமும் காலையில் எல்லா அறைகளையும் ஹோஸ் பைப்பால் கழுவச் சொல்லியிருந்தார். சாதாரண அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் வரும். ஒரு அறைக்கு ஐந்து நிமிடம் அடித்தாலே 50 லிட்டர் தாண்டிவிடும். "அது ஓடிப்போயிடுதே" என்றார். ஓடிப்போனது போக என்ன மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். 12 அடிக்கு 12 அடி என்றால் பதின்மூன்று சதுர மீட்டருக்கு மேல். அதில் வெறும் 1 மில்லிமீட்டர் தண்ணீர்ப் படலம் நின்றால் 13 லிட்டர். அதாவது குதிரை நாள் முழுக்கப் போகும் மூத்திரத்தைவிட அதிகம். வெயில் காலத்தில் இது அரை மணியில் காய்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. கார்த்திகையில், படுதா கட்டிய அறையில், அது காயவே காயாது. அந்த ஈரத்தின் மேல்தான் தினமும் வைக்கோல் பரப்பினார்கள். மூத்திரம் விழும் முன்பே படுக்கை பாதி நனைந்துவிடுகிறது.

பாய் இதை முன்பே கவனித்திருக்கிறார். "கழுவினாதான் நாத்தம் போவும்னு ஐயா சொல்றாரு. எனக்கென்னமோ கழுவுற அன்னிக்குதான் நாத்தம் ஜாஸ்தி" என்றார் மெதுவாக.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சுபேதாரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது மாட்டுத் தொழுவம். மாட்டுக்குப் படுக்கை போடுவதில்லை, தரையைக் கழுவி விடுகிறோம், சரியாகத்தான் இருக்கிறது. குதிரை வளர்ப்பு என்பது இந்த மாவட்டத்தில் அறுந்துபோன பழக்கம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தார். அந்தக் காலத்தில் ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் நூற்றுக்கணக்கான குதிரைகள் நின்றன. அவற்றைப் பராமரித்தவர்களின் கைப்பழக்கம் ஜட்கா வரைக்கும் வந்து, ஜட்காவோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது தொழுவத்துப் பழக்கம். குதிரை மாட்டைப் போல வெறும் சிமென்டில் மூத்திரம் போக விரும்பாது. காலில் தெறிப்பது அதற்குப் பிடிக்காது. மெத்தென்ற இடம் வரும்வரை அடக்கி வைத்திருந்து, புதுப் படுக்கை விரித்ததும் வந்து போகும். ஆகவே கழுவிய தரையும் படுக்கையும் இங்கே ஒன்றுக்கொன்று எதிரி.

தரையில் கண்டது

அடுத்து ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். ஐந்து அறைகளில் நான்குக்கு வாட்டம் முன்பக்கமாக, வாய்க்காலை நோக்கி இருந்தது. குறைவுதான், ஆனால் இருந்தது. நான்காம் அறையில் பழைய தரை பெயர்ந்து, யாரோ ஒரு கொத்தனார் மேலே பூசிக் கொடுத்திருக்கிறார். பூச்சு பார்வைக்கு அழகு. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் அது நடுவில் போய் நின்றது. சரியாகக் குதிரை நிற்கும் இடத்தில். ஆண் குதிரை பெரும்பாலும் அறையின் நடுவிலும், பெண் குதிரை பின்சுவர் ஓரமாகவும் நனைக்கும். இது காயடித்த ஆண் குதிரை. பள்ளமும் நடுவில், மூத்திரமும் நடுவில்.

லாயத் தரைக்கு 12 அடிக்கு இரண்டு அங்குல அளவில் வாட்டம் போதும். அதற்கு மேல் கொடுத்தால் குதிரை நாள் முழுக்கச் சரிவில் நின்று கால் நரம்பை வருத்திக்கொள்ளும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்கவே கூடாது. துடைப்பத்தால் கோடு இழுத்த மாதிரி சொரசொரப்பு வேண்டும்.

தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்ற சந்தேகமும் இருந்தது, பின்னால் நெல் வயல் என்பதால். அதைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தரையின் ஒரு பகுதியை நன்றாகக் காயவைத்து, இரண்டு அடிச் சதுரமாக ஒரு பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளுக்கு அடியில் ஈரம் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறுவது. மேலே மட்டும் என்றால் காற்றிலிருந்து படிவது. இங்கே அடியில் காய்ந்தே இருந்தது. நல்லவேளை. அடியிலிருந்து ஏறியிருந்தால் தரையை உடைத்து, பாலித்தீன் போட்டு, மறுபடி கான்கிரீட் இட வேண்டியிருக்கும்.

கூரை ஒழுகல் ஒன்று இரண்டாம் அறையில் இருந்தது. ஷீட்டின் ஆணி ஓட்டை. வாஷர் மாற்றியதும் நின்றது.

நாற்றம் எதனால்

மூத்திரம் போன உடனே அம்மோனியா வாசம் வராது. அதில் இருப்பது யூரியா. லத்தியிலும் பழைய படுக்கையிலும் உள்ள நுண்ணுயிரிகள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைக்கும்போதுதான் அம்மோனியா வெளிவருகிறது. அதற்கு ஈரம், சூடு, நேரம் மூன்றும் வேண்டும். காரத்தன்மை கூடினால் இன்னும் வேகமாகக் காற்றில் கலக்கும். மனிதர் எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் நலப் பரிந்துரை. குதிரை அங்கே எட்டு மணி நேரம் மட்டும் நிற்பதில்லை. தரையில் போட்டதைத் தின்னும்போதும், படுக்கும்போதும் அதன் மூக்கு அம்மோனியா பிறக்கும் இடத்துக்கே போகிறது. நின்றபடி முகர்ந்து பார்த்து "பரவாயில்லையே" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. குந்தி உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில் முகர வேண்டும். அதுவும் வெளியிலிருந்து வந்த உடனே. பத்து நிமிடம் உள்ளே இருந்தால் நம் மூக்கு பழகிப்போய்ச் சொல்வதை நிறுத்திவிடும்.

இங்கே ஒரு ஆபத்தான காரியம் நடந்துகொண்டிருந்தது. நாற்றம் போக ப்ளீச்சிங் பவுடர் தூவியிருக்கிறார்கள். அம்மோனியா இருக்கும் ஈரத்தில் ப்ளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு உண்டாகும். மனிதருக்கும் நுரையீரலை எரிக்கும், குதிரைக்கும் எரிக்கும். அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யாதீர்கள்.

சுண்ணாம்பும் போட்டிருந்தார்கள். நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். குளம்பையும் தோலையும் புண்ணாக்கும் என்பது ஒரு பக்கம். காரம் கூடுவதால் தேங்கியிருக்கும் அம்மோனியாவை அது விரட்டி வெளியே தள்ளும் என்பது இன்னொரு பக்கம். தூவிய அன்று கண் எரிச்சல் கூடுவது அதனால்தான். இதற்கு மாற்றாக நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைப்பது ஜிப்சம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற எந்த விவசாயி வீட்டிலும் இருக்கும். செடி பூத்து விழுது இறங்கும் சமயத்தில் எக்டேருக்கு 400 கிலோ போட்டு மண் அணைக்கிறார்களே, அதேதான். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். ஈரத்தில் உள்ள அம்மோனியம் கார்பனேட்டை அது அம்மோனியம் சல்பேட்டாக மாற்றிப் பிடித்து வைக்கிறது. காரத்தைக் கூட்டுவதில்லை. பிடித்து வைத்த நைட்ரஜன் அப்படியே எருவுக்குப் போகிறது. நனைந்த இடத்தை அள்ளிய பிறகு, தரை காய்ந்ததும், இரண்டு கைப்பிடி தூவி அதன் மேல் படுக்கை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஜிப்சம் கலந்த கழிவை மூடிய குழியில் தண்ணீரோடு தேக்கி வைத்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அது ஆளைக் கொல்லும். திறந்த எருக்குழிதான் சரி.

படுதாவைப் பற்றி சுபேதாரிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. குதிரைக்குக் குளிரும் என்கிறார். வேலூர்க் குளிரில் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. சாரல் அடிக்கும் பக்கம் நாலடி உயரத்துக்குக் கீழ்ப்பாதியை மட்டும் மறைத்து, மேல்பாதியைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். பாதி நாற்றம் அந்த மாலையே குறைந்தது.

அந்தக் குதிரை

இவ்வளவும் செய்த பிறகு மற்ற நான்கு அறைகளும் தேறின. நான்காம் அறை மட்டும் முரண்டு பிடித்தது. பள்ளத்தை நிரப்பியாயிற்று, கழுவுவதை நிறுத்தியாயிற்று. இருந்தும் காலையில் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நனைந்த படுக்கையை பாய் அள்ளினார்.

அப்போதுதான் குடிநீரை அளந்தோம். வாளியில் லிட்டர் கோடு போட்டு, ஊற்றியதையும் மிஞ்சியதையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். சாதாரணமாக 450 கிலோ குதிரை நாளைக்கு 25, 30 லிட்டர் குடிக்கும். வெயிலிலும் வேலையிலும் இன்னும் கூடும். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் தொடர்ந்து குடித்தால் அதை அதிகம் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூத்திரத்துக்கு அந்த எல்லை கிலோவுக்கு 50 மில்லிலிட்டர். நம் ஆள் மழைக்காலத்திலேயே அந்த எல்லைக்கு மேலே இருந்தார்.

இங்கே பலரும் செய்யும் காரியம் தண்ணீரைக் குறைப்பது. அதை மட்டும் செய்யக் கூடாது. சிறுநீரகக் கோளாறால் குடிக்கும் குதிரைக்குத் தண்ணீரைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. வயதான குதிரைகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாலும் தாகம் கூடும். கால்நடை மருத்துவர் வந்து ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பார்த்தார். மூத்திரம் கலங்கலாக, பிசுபிசுப்பாக இருந்ததைப் பார்த்து சுபேதார் பயந்துவிட்டார். குதிரை மூத்திரம் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும், கால்சியம் கார்பனேட் படிகங்களும் சளி போன்ற பொருளும் அதில் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். சோதனை முடிவுகளில் கோளாறு ஒன்றும் இல்லை.

மிஞ்சிய காரணங்கள் சாதாரணமானவை. ஒன்று, உப்புக்கட்டி. அறையில் வேறு வேலை இல்லாமல் நாள் முழுக்க அதை நக்கிக்கொண்டும் தண்ணீரைக் குடித்துக்கொண்டும் பொழுதைப் போக்கியிருக்கிறது. அடைத்து வைத்த குதிரைகளிடம் இது அடிக்கடி காணப்படுவது. இரண்டு, தீனி. பந்தயக் குதிரை என்பதால் அதற்கு மட்டும் ஊறவைத்த கொள்ளும் குதிரை மசால் என்ற பசுந்தீவனமும் தாராளமாகப் போயிருக்கிறது. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். குதிரை மசாலில் புரதமும் அதிகம், கால்சியமும் அதிகம். தேவைக்கு மேல் போன புரதத்தை உடம்பு யூரியாவாக்கி வெளியே தள்ள வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே மூத்திரத்தின் அளவும் கூடுகிறது, அதிலுள்ள யூரியாவும் கூடுகிறது. நான்காம் அறையில் மட்டும் கண் ஏன் அதிகம் எரிந்தது என்பதற்கு இதுவே விடை.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரைக்குப் பந்தயத் தீனி எதற்கு? கொள்ளை மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார். உப்பு அளந்து தீனியில் கலந்தார்கள். நாள் முழுக்கக் கொறிக்க உலர்ந்த புல் வந்தது. மழை விட்ட நேரங்களில் வெளியே விட்டார்கள். தாகம் தானாக இறங்கியது.

குளம்புக்குத் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. அந்த அழுகலை உண்டாக்குவதில் முக்கியமானது பியூசோபாக்டீரியம் நெக்ரோபோரம் என்ற, காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா. தினமும் குளம்பைக் குடைந்து சுத்தம் செய்து காற்றுப் படவிட்டு, லாடக்காரர் தொங்கும் பகுதியைச் சீவிவிட்டு, மருத்துவர் சொன்ன மருந்தை வைத்தார்கள். மயில்துத்தத்தைக் கரைத்துக் கண்டபடி ஊற்றுவது இங்கே வழக்கம். உயிருள்ள சதையில் அது புண்ணை ஆழமாக்கும். கூடவே, குளம்பில் திறந்த புண் இருக்கும் குதிரைக்கு டெட்டனஸ் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நோய்க்குக் குதிரை மாதிரி எளிதில் ஆளாகும் வீட்டு விலங்கு வேறில்லை.

படுக்கைக்கு வருவோம்

இத்தனைக்குப் பிறகுதான் சுபேதாரின் கேள்விக்கு வர முடிந்தது. புத்தகக் கணக்கில் வைக்கோலும் மரத்தூளும் தம் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு தண்ணீர் பிடிக்கும். இழைப்புச் சீவல் இரண்டு மடங்கு. நன்றாகக் காய்ந்த தேங்காய் நார்த்தூள் ஐந்திலிருந்து எட்டு மடங்கு வரை. ஆனால் உங்கள் ஊரில் உங்கள் கைக்கு வரும் சரக்கு எப்படி என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் ஒரு கிலோ சரக்கை மூட்டை கட்டி, ஒரு நாள் தண்ணீரில் முக்கி வைத்து, அரை மணி தொங்கவிட்டு எடை போடுங்கள். வேட்டியை மட்டும் நனைத்துத் தொங்கவிட்டு அதன் எடையைக் கழித்துவிடுங்கள். பிறகு அதே மூட்டையைத் தரையில் போட்டு ஏறி நில்லுங்கள். எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறதோ அவ்வளவும் குதிரை மிதித்தாலும் வரும். இந்த இரண்டாம் பாதியை யாரும் செய்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நம் பக்கம் கிடைக்கும் பொருட்களில் உமிதான் மலிவு. ஆரணி பக்கம் அரிசி மில்கள் ஏராளம். ஆனால் உமி உறிஞ்சாது. எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அவ்வளவு கடினமான தோல். தண்ணீரை விட்டுவிடும். வாட்டம் சரியாக உள்ள தரையில் மேல்படுக்கையாக அது கெட்டதில்லை, மேல் பக்கம் உலர்ந்தே இருக்கும். பள்ளத் தரையில் உமி போட்டால் அடியில் குளம்தான். சுபேதார் செய்துகொண்டிருந்தது அதுவே. தூசும் அதிகம்.

வைக்கோலை நம் குதிரைகள் படுக்கையாகப் பார்ப்பதில்லை, தீனியாகப் பார்க்கின்றன. நெல் வைக்கோலை வயிறு முட்டத் தின்றால் குடல் அடைத்து வயிற்று வலி வரும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த கட்டு வந்தால் இருமல் தொடங்கும்.

மல்லாட்டை ஓடு நம் மாவட்டத்துக்கே உரியது, மரத்தூளுக்குச் சமமாக உறிஞ்சவும் செய்யும். எனக்கு அதில் ஒரே பயம் பூசணம். ஈரம் பட்டுக் கறுத்த ஓட்டில் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் பூசணம் இருக்கலாம். உடைந்த பருப்பு ஒட்டியிருந்தால் குதிரை பொறுக்கித் தின்னும். கோடையில் உடைத்த புது ஓடு என்றால் சரி, கார்த்திகையில் வரும் பழைய சரக்கு வேண்டாம். கரும்புச் சக்கையும் அப்படித்தான்: நன்றாக உறிஞ்சும், ஆனால் மிச்சமுள்ள இனிப்பில் எறும்பும் பூசணமும் வரும். பூசணம் பிடித்த சக்கைத் தூசு மனிதர் நுரையீரலையே கெடுக்கும், அதற்கென்று தனி நோயே உண்டு. பாலாற்று மணல் வேண்டவே வேண்டாம். மணல் ஒட்டிய புல்லைத் தின்று குடலில் மணல் சேர்ந்து சாகும் குதிரைகள் உண்டு.

யாரோ ஒருவர் தோல் சீவலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதாம், நன்றாக உறிஞ்சுகிறதாம். உறிஞ்சும்தான். குரோமியம் போட்டுப் பதப்படுத்திய தோல் அது. குதிரை அறைக்கும் கூடாது, எருக்குழிக்கும் கூடாது.

மரத்தூள், சீவல் வாங்கும்போது எந்தப் பட்டறையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிளைவுட், எம்டிஎஃப் போன்ற ஒட்டுப் பலகைகளை அறுக்கும் இடத்துத் தூளில் பசை மருந்து இருக்கும். தேக்குத் தூள் சிலருக்கும் சில குதிரைகளுக்கும் தோல் அரிப்பையும் மூக்கு எரிச்சலையும் தரும். மாவு போன்ற மரத்தூளைவிட இழைப்புச் சீவல் நல்லது, தூசு குறைவு. வெளிநாட்டுப் புத்தகங்கள் கறுப்பு வால்நட் மரச் சீவலால் குளம்பு வீங்கும் என்று பயமுறுத்தும். நம் மர மில்லில் அது வராது, கவலை வேண்டாம்.

கடைசியில் நாங்கள் எடுத்தது தேங்காய் நார்த்தூளை அடியிலும் சீவலை மேலேயும் போடும் முறை. குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் தென்னை இருப்பதால் நார் மில் தூரமில்லை. நார்த்தூள் லேசான அமிலத்தன்மை உள்ளது, அதனால் அம்மோனியா பறப்பதும் மட்டுப்படும். குதிரை அதைத் தின்பதில்லை. அதன் குறையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நனைந்தது என்று நிறத்தைப் பார்த்துத் தெரியாது, கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலேயே ஈரமாக நிற்கும், குளம்பு அந்த ஈரத்திலேயே இருக்கும். அதனால்தான் மேலே சீவல். எலும்பாகக் காய்ந்த தூள் பறக்கும், பரப்பும்போது குதிரையை வெளியே கட்ட வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தோட்டக் கடைகளில் விற்கும் ஐந்து கிலோ அழுத்திய கட்டி படுக்கைக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றினால்தான் அது உதிரும், உதிர்ந்த பிறகு இனி எதை உறிஞ்சும்? மில்லிலிருந்து உதிரியாக எடுக்க வேண்டும். மில்லில் வெளியே கொட்டிக் கிடக்கும் தூள் மழையில் ஊறியிருக்கும். சுபேதார் முதலில் இறக்கிய லோடு அப்படித்தான் வந்தது. பிழிந்தால் சொட்டியது. திருப்பி அனுப்பினார். மாடி வீட்டு மொட்டை மாடியில் வெயில் விட்ட நேரத்தில் பரப்பிக் காயவைத்த சரக்கு ஒருவரிடம் கிடைத்தது. விலை கொஞ்சம் கூட. ஆனால் தண்ணீருக்குக் காசு கொடுப்பதைவிட மேல்.

அறை முழுக்க நார்த்தூள் போடவும் தேவையில்லை. குதிரை எங்கே நனைக்கிறது என்பது தெரிந்துவிட்ட பிறகு அந்த இடத்தில் ஆறடிச் சதுரம், நான்கு அங்குலக் கனம் போதும். சுமார் 40 கிலோ. கணக்குப்படி அது 200 லிட்டர் பிடிக்க வேண்டும். நடப்பில் பாதி நனைந்தாலே அது கெட்ட படுக்கைதான். ஆகவே தினமும் நடுவில் நனைந்த கட்டியை மட்டும் அள்ளி, அந்த அளவுக்குப் புதிது. மிச்ச இடத்தில் வெறும் சீவல்.

காலை வேலையும் மாறியது. குதிரை வெளியே போனதும் லத்தியையும் நனைந்ததையும் அள்ளி, மிச்சப் படுக்கையைச் சுவரோரம் ஏற்றி வைத்து, தரையை இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடுகிறார்கள். கழுவுவது வெயில் அடிக்கும் நாளில், எப்போதாவது. பாய்க்கு வேலை குறைந்திருக்கிறது. கடிக்கும் ஈயும் குறைந்ததாகச் சொல்கிறார். அது நம்பக்கூடியதே. அந்த ஈ முட்டையிடுவது மூத்திரமும் லத்தியும் கலந்த ஈரப் படுக்கையில்தான், சூடான காலத்தில் மூன்று வாரத்துக்குள் புது ஈயாக வெளியே வந்துவிடும். சர்ரா என்ற ரத்த நோயைக் குதிரைக்குக் குதிரை கொண்டுபோகும் ஈக்களில் அதுவும் ஒன்று.

அள்ளிய படுக்கை திறந்த குழியில் எருவாகிறது. நார்த்தூள் தனியாக மக்க வெகுகாலம் பிடிக்கும், நைட்ரஜன் குறைவு. மூத்திரம் அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. குவியல் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் புழு முட்டையும் களை விதையும் சாகும் என்பதால் புரட்டிப் போட வேண்டும். இலவம்பாடி பக்கம் முள்ளு கத்தரி போடும் ஒருவர் வண்டி வைத்து எடுத்துப் போகிறார். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே கத்தரி. பச்சையாகக் கேட்டார், மக்கிய பிறகுதான் தருவது என்று பாய் பிடிவாதமாக இருக்கிறார்.

தை பிறந்தபோது இரண்டு குதிரைகளின் குளம்பு முழுக்க ஆறியிருந்தது. நான்காம் அறைக் குதிரைக்கு ஒரு பின்னங்காலில் பள்ளம் இன்னும் நிரம்பவில்லை. மட்டக்குதிரை சீவலைத் தின்னப் பார்க்கிறது, அதற்கு மட்டும் உமி போட்டிருக்கிறார்கள்.

வேலூருக்கு ஆடி, ஆவணியிலும் மாலை மழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையிலும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து நார்த்தூளைச் சித்திரை வெயிலிலேயே வாங்கிக் காயவைத்து, பலகை மேல் அடுக்கி, படுதா போட்டு மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சுபேதார் அதைவிட ரப்பர் மேட் போடலாமா என்று கேட்கிறார். காலுக்கு நல்லதுதான். ஆனால் இணைப்பு வழியே மூத்திரம் அடியில் இறங்கும், மாதத்துக்கு ஒருமுறையாவது தூக்கிக் காயவைக்க வேண்டும், ஒவ்வொன்றும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான்காம் அறையில் மட்டும் ஒரு மழைக்காலம் போட்டுப் பார்ப்பதாகப் பேச்சு.